அது வேற பிள்ளை

பொய் சொல்லாத ஆசிரியர் உலகத்தில் கிடையாது. "நேற்று நடத்தினதை எல்லாம் நாளைக்குக் கேட்பேன்" என்பதில் தொடங்கி, "அதிகாரி வந்தால் வரட்டும், எனக்கென்ன பயம்" என்பது வரைக்கும் நாங்கள் தினப்படி சொல்கிற பொய்கள் ஏராளம். ஆனால் இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டி, ஊர் முழுக்கக் கேட்கும்படி பொய் சொன்னவள் கோவில்பட்டி வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மொத்தம் மூன்றே சொல். அந்த மூன்று சொல்லையும் என் வீட்டில் இன்றைக்கும் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எட்டு வருஷம் இருக்கும். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. நாகலாபுரம் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. (ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்ப் பெண்கள் என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார்கள்.) ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒன்று நான், இன்னொருவர் தலைமை ஆசிரியர் சங்கரபாண்டியன் சார். தங்கமான மனிதர். ஆனால் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார்.

அந்த ஏப்ரலில் ஒருநாள் ரொம்ப நேரம் நின்று பேசினார். பேசி முடித்து உட்கார்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா, நம்ம பள்ளிக்கூடத்த மூடிருவாவ போலுக்கே."

எங்களிடம் இருந்தது ஒன்பது பிள்ளைகள். அதில் நாலு பேர் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு வெளியே போகிறார்கள். மிச்சம் ஐந்து. பள்ளி திறக்கும்போது பத்துப் பேராவது இல்லாவிட்டால், ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளியோடு எங்களைச் சேர்த்துவிடப்போவதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். சேர்ப்பது என்றால் மூடுவதுதான், சொல்லுவதற்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அந்த ஐந்து பிள்ளைகளின் அம்மாக்களும் காலை ஏழு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் வேலைக்குப் போகிறவர்கள். (தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) ஐப்பசி மழையில் ஓடை நிறைந்துவிட்டால் பெரிய ஆட்களே அந்தப் பக்கம் போகத் தயங்குவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படிப் போகும்? வீட்டில் தங்கும். ஒரு வருஷம் தங்கினால் அப்புறம் தங்கினதுதான்.

ஊரில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. இருபதுக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் கழுத்தில் டையைக் கட்டிக்கொண்டு, எங்கள் பள்ளி வாசல் வழியாகவே மஞ்சள் வேனில் கோவில்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வேன் கடக்கும்போது கை வேறு காட்டுவார்கள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகள் மேல் இல்லை. "கவர்மெண்ட் வாத்தியார் எல்லாம் சும்மா உக்காந்துட்டுப் போறவுக" என்று டீக்கடையில் தொடையைத் தட்டிச் சொல்லும் ஆட்கள் மேல். சும்மா உட்காரவா? வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது நான். குடற்புழு மாத்திரை கொடுப்பது நான். முட்டை எத்தனை வந்தது, எத்தனை வெந்தது என்று போனில் ஏற்றுவது நான். அந்தப் போனுக்கு சிக்னல் தேடி வேப்பமரத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதும் நான். இதற்கு நடுவில் ஐந்து வகுப்பை ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடமும் நடத்த வேண்டும். நடத்தினோம். எங்கள் பிள்ளைகள் வாசிப்பார்கள், கணக்குப் போடுவார்கள், என்னை எதிர்த்தும் பேசுவார்கள்.

"சார், நோட்டீஸ் அடிச்சு வீடு வீடாக் குடுத்தாக் காரியம் ஆகாது. மைக் செட் போடுவோம்" என்றேன்.

"எதுக்கும்மா வம்பு. பதமாப் போவோம்" என்றார் சார்.

"பதமாப் போயித்தான் சார் அஞ்சுல வந்து நிக்கோம்."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு வீரம் பேசினேனே, என் மகள் ஹரிணி எங்கே படித்தாள் தெரியுமா? கோவில்பட்டியில், அதே மஞ்சள் வேன் பள்ளியில், இரண்டாம் வகுப்பு.

ஏன் என்று கேட்டால் அப்போது என்னிடம் பத்துக் காரணங்கள் இருந்தன. வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது. என் வீட்டுக்காரர் மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், அந்தத் தெருவில் கடை வைத்திருக்கிற எல்லார் பிள்ளைகளும் அங்கேதான். என்கூடப் பஸ்ஸில் வரும் ஆசிரியைகளின் பிள்ளைகளும் அங்கேதான். ஆகவே நானும் சேர்த்தேன். யோசித்துச் சேர்த்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

அந்த வருஷம் அந்தப் பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி. எல்லாப் பிள்ளைகளும் தலைவர்களாகவும் தக்காளியாகவும் வந்தபோது, ஹரிணி டீச்சராக வந்தாள். என் சேலையை நாலாக மடித்துச் சுற்றிக்கொண்டு, என் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, கையில் அடிஸ்கேலோடு மேடையேறி, "ஏலே, சத்தம் போட்டா வெளியே நிறுத்திருவேன்" என்று ஒரு கத்து கத்தினாள். முதல் பரிசு. அன்றைக்கு ஏதோ ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். பெருமையில் மிதந்துகொண்டிருந்தவள் வாசிக்காமலே போட்டுவிட்டேன். (பிள்ளைகளுக்குத் தினமும் "வாசிச்சுப் பாத்துட்டு எழுது" என்று சொல்லுகிற அதே டீச்சர்தான்.)

சேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடாமல்லி நிறம், கிளிப்பச்சைக் கரை, கரை முழுக்க அன்னப்பட்சி. கட்டிக்கொண்டு பொட்டலில் நின்றால் அடுத்த ஊருக்குத் தெரியும். முந்தின வருஷம் எங்கள் பள்ளி விழாவில் ஊர்ப் பெண்கள் சேர்ந்து எனக்கு எடுத்துக் கொடுத்தது. எட்டயபுரம் கடைக்குப் போய் அதைத் தேர்ந்தெடுத்தவள் பேச்சியம்மாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவள், அந்த ஊர்ப் பெண்களுக்கு எழுதப்படாத தலைவி. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வேனில் போகிறவர்கள்தான். அவள் மனசு இளகட்டும் என்று மைக் செட் போட்ட அன்றைக்கு அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு போனேன்.

மே மாதக் கடைசி. காலை ஆறரை மணி. தீப்பெட்டி ஆபீஸ் வேன் வருவதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்பதால் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள பொட்டலில் மைக் செட் ஏற்றின லோடு ஆட்டோவை நிறுத்தினோம். மேலே இரண்டு குழாய். தூக்குவாளியோடு முப்பது பெண்களாவது நின்றிருப்பார்கள். மைக் செட்காரர் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டோவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் ஆரம்பித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் சொல்கிறேன், அருமையான பேச்சு.

"தாய்மார்களே! சந்தைக்கு ஆடு ஏத்துனாக்கூட அது மூச்சு விட எடம் விட்டு ஏத்துவோம். ஒங்க பிள்ளைகள அந்த வேன்ல எப்படி ஏத்துதாவன்னு பாத்தீங்களா? நாங்க படிச்சு, பரீட்சை எழுதி, தேறி வந்தவுக. எங்கள நம்ப மாட்டேங்கீக. பெயிண்ட் அடிச்ச வேன நம்புதீங்க. நான் கேக்கேன், எந்த நம்பிக்கையில அங்கன கொண்டு சேக்கீக?"

"எந்த நம்பிக்கையில" என்று நான் கையை ஓங்கியபோது வேன் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வேன் இல்லை. மஞ்சள் வேன். அவர்களும் பிள்ளை பிடிக்கத்தான் வந்திருந்தார்கள். வேனின் பக்கவாட்டில் முழு நீளத்துக்கு ஒரு பிளெக்ஸ். மேலே பள்ளியின் பேர். நடுவில் மூக்குக்கண்ணாடியும் அடிஸ்கேலுமாக ஒரு குட்டி டீச்சர், வாடாமல்லிச் சேலையில். படத்துக்குக் கீழே "தாய்: அரசுப் பள்ளி ஆசிரியை". அதற்கும் கீழே, தூரப் பார்வை இல்லாதவர்களுக்கும் தெரிகிற எழுத்தில்: "ஆசிரியர்களே நம்பும் பள்ளி!"

வேன் சரியாக எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பெண்கள் பிளெக்ஸைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். மறுபடியும் பிளெக்ஸைப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"டீச்சர், அது யாரு?"

"எது?" என்றேன். 'எது' என்று இரண்டு குழாயிலும் கேட்டது. அப்போதுதான் மைக் இன்னும் உயிரோடு இருப்பது எனக்குப் புரிந்தது. அதில் அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உள்ளங்கையால் பொத்தினேன். டமார் டமார் என்று சத்தம்தான் கூடியது. சங்கரபாண்டியன் சார் உள்ளே இருந்த மைக் செட்டை அணைக்க ஆட்டோக் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார், பூட்டு அசையவில்லை. சரி, ஓடிவிடலாம் என்று ஒரு எட்டு வைத்தேன். கோடையில் கரிசல் மண் எப்படிப் பிளந்து கிடக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். என் குதிகால் செருப்பு ஒரு வெடிப்புக்குள் முழுசாக இறங்கி மாட்டிக்கொண்டது.

"அந்தா, படத்துல நிக்கே, அந்தப் பிள்ளை" என்றாள் பேச்சியம்மாள். "நம்ம ஆண்டு விழாவுக்கு வந்து கேசரி சாப்பிட்டுச்சே, ஒங்க மவள்லா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடியிருக்கலாம். மயங்கி விழுந்திருந்தால் யாராவது சோடா வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நான் அந்த மூன்று சொல்லைச் சொன்னேன்.

"அது வேற பிள்ளை."

அது வேற பிள்ளை, அது வேற பிள்ளை என்று பள்ளிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பெற்ற மகளை ஊரறிய வேற பிள்ளை என்று சொன்னேன்.

"பிள்ளை வேற சரி" என்றாள் பேச்சியம்மாள், நிதானமாக. "சேலையும் வேறயா?"

முப்பது பெண்களும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதுவும் மைக்கில் போனது. ஆனால் பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"டீச்சர், நான் ஏழு மணிக்குப் போயி ராத்திரி ஏழு மணிக்கு வாரவ. கைநாட்டு. எது நல்ல பள்ளிக்கூடம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவுக எங்க சேக்காவன்னு பாத்தேன். கோவில்பட்டியில இருக்க டீச்சருமாரு பிள்ளை எல்லாம் இங்கனதான் படிக்குன்னாவ, நானும் சேத்தேன். இது எங்க தப்பா, ஒங்க தப்பா?"

நான் எட்டு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறேன், இன்னும் அகப்படவில்லை.

"நீங்க ஒங்க பிள்ளையக் கொண்டாங்க. நான் என் ரெண்டையும் வேன்லருந்து எறக்குதேன். ஏட்டி, என்ன சொல்லுதீங்க?" என்று திரும்பிக் கேட்டாள்.

"ஆமா, டீச்சர் மவ வந்தா எங்க பிள்ளையும் வரும்" என்று நாலு பக்கமும் குரல்.

என் குடும்பத்தில் ஒரு நோய் உண்டு. குற்றம் எங்கள் மேல் என்று தெளிவாகத் தெரிந்த பிறகுதான் எங்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "கொண்டாரேன்! பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கே கொண்டாரேன்! என்னன்னு நெனச்சீங்க என்னைய?" என்று மைக்கில் முழங்கினேன். ஒற்றைக் கால் வெடிப்புக்குள் இருந்தபடியே.

"வாய்ச்சொல் வேண்டாம்" என்றாள் பேச்சியம்மாள். எங்கள் பக்கம் பெண் நிச்சயம் பண்ணினாலும் பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வோம். மாற்றிவிட்டால் அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது. இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் எடுத்து என் கையில் வைத்தாள். அதையே நான் அவளிடம் திருப்பிக் கொடுக்க, சங்கரபாண்டியன் சார் சாட்சி நின்றார். என் மகளை ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு நான் நிச்சயம் பண்ணிக் கொடுத்தது இப்படித்தான். அப்புறம்தான் யாரோ கடப்பாரை கொண்டுவந்து என் செருப்பை எடுத்தார்கள்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறி வந்துவிட்டது. அந்த ஊர் ஆள் ஒருவர் தாழ்ப்பாள் வாங்க வந்து, "அண்ணாச்சி, ஒங்க வீட்ல பேச்சு வார்த்தை எல்லாம் முடிஞ்சு வெத்தலை மாத்தியாச்சு போலுக்கே" என்று என் வீட்டுக்காரரிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"என்னட்டி, பிள்ளைய மைக்ல ஏலம் விட்டியாமே?" என்றார் இவர்.

"ஏலம் இல்ல. வாக்குக் குடுத்திருக்கேன்."

"அங்க போயி இங்கிலீஷ் எப்படிப் படிக்கும்?"

"நான் சொல்லிக் குடுப்பேன். அதுக்குத்தான எனக்குச் சம்பளம் தாராவ? ஊரான் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியும், எம்பிள்ளைக்குத் தெரியாதோ?"

"அவ்வளவு நல்ல பள்ளிக்கூடம்னா நீ ஏன் முதல்லயே சேக்கல?"

காலையில் ஒருத்தி கேட்டதையே சாயங்காலம் இவர் கேட்டார். பதில் சொல்ல முடியாத இடத்தில் நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் அழவில்லை. "முதல்ல தப்புப் பண்ணுனேன். இப்பம் சரி பண்ணப் போறேன். நீங்க சம்மதிச்சாலும் சரி, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுட்டு இருந்தாலும் சரி" என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஹரிணியிடமே கேட்டுவிடலாம் என்றார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல ஊஞ்சல் இருக்கா?" என்றாள் ஹரிணி.

"இல்ல."

"ஆடு?"

"வகுப்புக்குள்ளயே வரும்."

"அப்ப வாரேன். எனக்கு வேன்ல தெனமும் வாந்தி வருது. நீங்க ரெண்டு பேரும் கேக்கவே இல்ல."

அன்றைக்கே இவர் வேன்காரருக்குப் போன் போட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பள்ளி திறந்த அன்றைக்கு ஹரிணியை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். பழைய ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். ஹரிணியோடு ஆறு. ஒன்பதரை ஆனது. வேறு ஒரு குஞ்சுகூட வரவில்லை. சங்கரபாண்டியன் சார் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து வைத்து, பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஊரே சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டது என்று எனக்கு ஆத்திரம். ஆத்திரத்தில் எட்டாம் வாய்ப்பாட்டை அந்த ஆறு பேரிடமும் மூன்று தடவை சொல்லவைத்தேன்.

பத்து மணிக்கு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. பேச்சியம்மாள். ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவே இல்லை. ஹரிணி எங்கே இருக்கிறாள் என்று தேடினாள். அவள் மற்றப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையின் ரப்பரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலை மறைந்தது. மத்தியானம் சத்துணவு நேரத்தில் மறுபடியும் வந்தது. ஹரிணி தட்டைக் காலி பண்ணிவிட்டு, "ஆயம்மா, இன்னொரு முட்டை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாள் தெருப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். அவளுக்கு மைக் தேவையில்லை.

"ஏட்டி! வந்திருக்குட்டி! கீழதான் உக்காந்திருக்கு! சோறும் இங்கனதான் திங்குது! பிள்ளைகளக் கூட்டியாங்க!"

சாயங்காலம் மணி அடிப்பதற்குள் பதினோரு பிள்ளைகள். ஐந்தும் ஒன்றும் பதினொன்றும் பதினேழு. சங்கரபாண்டியன் சார் கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டு, "பதினேழு சார்" என்றார். உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

மறுநாள் பேச்சியம்மாள் கையில் ஒரு பெரிய சுருட்டலோடு வந்தாள். அந்தப் பிளெக்ஸ். வேன் டிரைவர் அவளுக்குத் தம்பி முறை, மிரட்டி வாங்கியிருக்கிறாள். மேலே பள்ளிப் பேர் இருந்த பகுதியை அரிவாளால் அறுத்து எடுத்திருந்தாள். மிச்சத்தை எங்கள் பள்ளிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். "பேர மட்டும்தான் வெட்டுனேன் டீச்சர். மத்த எழுத்தெல்லாம் இப்பம் உண்மைதானே" என்றாள். வெயிலில் வெளுத்து, காற்றில் கிழிகிற வரைக்கும் இரண்டு வருஷம் அது அங்கேயே கிடந்தது.

என்கூடப் பஸ்ஸில் வரும் ஆசிரியைகளுக்கு என் மேல் கோபம். "நீ பாட்டுக்கு இப்படிப் பண்ணிட்ட, இப்பம் எங்க ஊர்லயும் கேக்காவ" என்றார்கள். யார் பிள்ளையை யார் எங்கே சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட நான் யார்? அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் கேட்கிறவர்களுக்குக் கேட்க உரிமை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பூட்டத் தயாராக இருந்த ஒரு பள்ளிக்கூடத்தை, கைநாட்டு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருத்தி ஒரே கேள்வியில் திறந்துவைத்தாள். நாங்கள் படித்தவர்கள் இரண்டு பேர் நோட்டீஸ் அடிக்கலாமா, மைக் வைக்கலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம்.

ஹரிணி இப்போது கோவில்பட்டி அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அவளுக்கு நான் ஒரு ஜென்மத்துக்கும் போதுமான ஆயுதம் கொடுத்துவிட்டேன். கணக்கில் மார்க் குறைந்து நான் தாளை நீட்டினால், "அது வேற பிள்ளை" என்பாள். ரேஷன் கடைக்கு யார் போவது என்றால், "அது வேற பிள்ளை". கல்யாண வீட்டில் யாராவது "இது ஒன் மகளா?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்கிறார்: "பாத்துச் சொல்லு, கையில மைக் இருக்கா?"

ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் மைக் செட் போடுகிறோம். நான் அதே வாடாமல்லிச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் போகிறேன். சாயம் போய்விட்டது, அன்னப்பட்சிகளுக்குக் கழுத்து இல்லை. மைக் செட்காரர் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிச் சோதிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். மைக்கை நேராகப் பேச்சியம்மாள் கையில் கொடுக்கிறார். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, ஊருக்கே கேட்கும்படி கேட்கிறாள்:

"டீச்சர், ஒங்க மவ எங்க படிக்கா?"

நான் மைக்கை வாங்கிப் பதில் சொல்கிறேன். பள்ளிச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொல்கிறேன்.